டர்போ போச்சு சார்!

"டர்போ போச்சு சார். மாத்திடலாம்."

இதைச் சொன்னவர் பானெட்டைத் திறக்கலை. வண்டியை ஓட்டிப் பார்க்கலை. கையில ஒரு டேப்லெட், அதுல இங்கிலீஷ்ல ஒரு வரி. அதைப் படிச்சுட்டு அரை நிமிஷத்துல தீர்ப்பு. எஸ்டிமேட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். லேபர் தனி.

கடைசியில கோளாறு எங்கே இருந்துச்சுன்னா, என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் டியூப்ல. விலை 90 ரூபாய்.

ஒரு லட்சம் மிச்சமாச்சேன்னு சந்தோஷப்பட்டுட்டுப் போயிருக்கலாம்தான். ஆனா அன்னைக்கு வந்த கடுப்பு இன்னும் அடங்கலை மக்களே. அதான் ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணியை எல்லாம் ஓரமா வெச்சுட்டு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோட உட்காருங்க.

என் வண்டி 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். நம்ம ஊர்ல பெட்ரோல் கார்ல டர்போங்கிறதே அதிசயமா இருந்த காலத்து வண்டி. 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு அஞ்சு வீதம் 20 வால்வு, 150 குதிரை சக்தி. 2014-ல செகண்ட் ஹேண்டா வாங்கினேன். 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. வீட்டுல இதுக்குப் பேரு 'சக்களத்தி'. யார் வெச்ச பேருன்னு தனியா சொல்லணுமா என்ன :-)

2025 மே மாசம், நல்ல அக்னி நட்சத்திரம். வேலூர்ல ஒரு கல்யாணம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கன்டெய்னர் லாரியை ஓவர்டேக் பண்ண மிதிச்சேன். வண்டி ஜம்முனு கிளம்புச்சு. பாதியில சட்டுனு யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுத்த மாதிரி அப்படியே தொங்கிடுச்சு. லாரியோட வயித்துக்குப் பக்கத்துல நான், என் முதுகுக்குப் பின்னாடி ஒரு ஆம்னி பஸ்ஸோட ஹாரன், பின் சீட்டுல அம்மா. கால் முழுசா மிதிச்சிருக்கு, வண்டி கேட்கலை. எப்படியோ ஒதுங்கி ஓரமா நிறுத்தினேன். சாவியைத் திருப்பி அணைச்சுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி பழையபடி பறக்குது! டாஷ்போர்டுல ஒரு விளக்குகூட எரியலை. வேலூர் வரைக்கும் பிரச்சனை இல்லை. திரும்பி வரும்போது ரெண்டு தடவை.

விட்டு விட்டு வர்ற கோளாறுதான் இருக்கிறதுலயே கொடுமை. ஒரேயடியா படுத்துட்டா இழுத்துட்டுப் போய்க் காட்டலாம். இது பல்வலி மாதிரி, டாக்டர் வீட்டு வாசல்ல போய் நின்னதும் காணாமப் போயிடும்.

காட்டின இடம், எல்லாக் கம்பெனி காரும் பார்க்கிற ஒரு ஒர்க்ஷாப். ஏசி போட்ட வெயிட்டிங் ரூம், காப்பி மெஷின் எல்லாம் உண்டு. பேர் வேண்டாம். முதல் தடவை நாலு ஸ்பார்க் பிளக்கும் நாலு காயிலும் மாத்தினாங்க. 14 ஆயிரம். நடுவுல ரெண்டு நாள் மழை பெஞ்சு ஊர் குளிர்ந்துச்சு, கோளாறு வரலை. ஆஹா சரியாயிடுச்சுன்னு நானும் நம்பினேன். வெயில் அடிச்ச அன்னைக்கே திரும்ப வந்துடுச்சு. ரெண்டாவது தடவை, உள்ளே போற காத்தை அளக்கிற ஏர் ஃப்ளோ சென்சார். 11 ஆயிரம். மூணாவது தடவைதான் மேலே சொன்ன தீர்ப்பு.

இந்த நடுவுல ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "எல்லாம் எத்தனால் பண்ற வேலை"ன்னு சொல்லிட்டுப் போனார். 2025-ல பங்க்ல கிடைக்கிறது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான், பழைய வண்டி ரப்பருக்கு அது ஆகாதுங்கிற கவலையிலயும் நியாயம் இருக்கு. ஆனா எத்தனால் கெடுக்கணும்னா அது பெட்ரோல் ஓடுற பாதையில கெடுக்கும். நம்ம கதை காத்து ஓடுற பாதை. இப்போ எல்லாம் வண்டியில ஹாரன் அடிக்கலைன்னாக்கூட எத்தனால்தான் காரணம் போல.

சரி, டேப்லெட்ல இருந்த அந்த ஒரு வரி என்ன? பி1557. சார்ஜ் பிரஷர் கன்ட்ரோல், பாசிட்டிவ் டீவியேஷன். தமிழ்ல சொன்னா, பூஸ்ட் அழுத்தம் கேட்டதைவிட அதிகமா இருக்கு.

அதிகமா இருக்கு!

செத்துப்போன டர்போ எப்படிங்க கேட்டதைவிட அதிகமா காத்து அடிக்கும்? திரையில இருக்கிற வரியை முழுசாப் படிச்சிருந்தாலே டர்போ உயிரோட இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். அவர் 'சார்ஜ் பிரஷர்' வரைக்கும் படிச்சார். அதுக்கப்புறம் பார்ட்ஸ் விலைப் பட்டியலைத்தான் படிச்சார்.

இந்த இடத்துல கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கோங்க. தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போயிடுங்க. (பூஸ்ட்னா குடிக்கிற பூஸ்ட் இல்லீங்க. தங்கமணி மாதிரி நீங்களும் ஆரம்பிச்சுடாதீங்க.)

டர்போ ரொம்ப எளிமையான சாமான். ஒரே தண்டு, ரெண்டு முனையில ரெண்டு விசிறி. இஞ்சின்ல இருந்து வெளியே போற சூடான புகை ஒரு விசிறியைச் சுத்தும். அதே தண்டுல இருக்கிற இன்னொரு விசிறி வெளிக்காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள திணிக்கும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல. இதுல வில்லங்கம் என்னன்னா, சும்மா விட்டா அது நிக்காது. காத்து அதிகம் போனா எரியறது அதிகம், எரியறது அதிகமானா புகை அதிகம், புகை அதிகமானா சுத்து அதிகம். புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரி ஏறிக்கிட்டே போகும். அதனால புகையை விசிறிக்கு விடாம வேற வழியில திருப்பி விட ஒரு சின்னக் கதவு வெச்சிருக்காங்க. அதுதான் வேஸ்ட்கேட். அந்தக் கதவைத் தள்ளித் திறக்க ஒரு தகர டப்பா, பேரு ஆக்சுவேட்டர். டப்பாவுக்குத் தள்ளுற பலம் எங்கிருந்து வருது? டர்போ அடிக்கிற அதே காத்துல இருந்துதான், ஒரு சின்ன ரப்பர் டியூப் வழியா. டியூபுக்கு நடுவுல என்75னு ஒரு மின்சார வால்வு. ஈ.சி.யூ.ங்கிற கம்ப்யூட்டர் பெட்டி அந்த வால்வைத் திறந்து மூடி, டப்பாவுக்கு எவ்வளவு காத்து போகணும்னு முடிவு பண்ணும். காத்து போனா கதவு திறக்கும், பூஸ்ட் குறையும். போகலைன்னா கதவு மூடியே கிடக்கும், பூஸ்ட் ஏறும்.

இப்போ அந்த டியூப் கிழிஞ்சா என்ன ஆகும்? டப்பாவுக்குக் காத்து போய்ச் சேராது. கதவு திறக்காது. பூஸ்ட் கண்டபடி ஏறும். ஈ.சி.யூ. அதைப் பார்த்துட்டு, இஞ்சின் வெடிச்சுடும்னு பயந்து த்ராட்டிலை இறுக்கிடும். (இந்த வண்டியில பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல கேபிள் கிடையாது. நாம மிதிக்கிறது ஒரு விண்ணப்பம், சாங்ஷன் பண்றது ஈ.சி.யூ.) சாவியை அணைச்சுப் போட்டா தண்டனை ரத்து, பழையபடி ஓட விடும்.

ஆக, ஓட்டுறவனுக்குத் தெரியறது 'வண்டி இழுக்கலை'. உள்ளே நடந்தது 'ரொம்ப இழுத்துடுச்சு'. நான் ஒர்க்ஷாப்ல "இழுக்கலை"ன்னு சொன்னேன். அவங்க ஜாப் கார்டுல "பூஸ்ட் இல்லை"ன்னு எழுதிக்கிட்டாங்க. நான் சொன்னது எனக்குப் பட்டது. அவங்க எழுதினது ஒரு முடிவு. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் என் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மாட்டிக்கிச்சு.

இது நம்ம ஊர் வியாதின்னு மட்டும் நினைச்சுடாதீங்க. 1962-ல அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்னு ஒரு கார் வந்துச்சு. டர்போ வெச்சு விற்பனைக்கு வந்த முதல் பெட்ரோல் கார்கள்ல ஒண்ணு. இஞ்சின் தட்டாம இருக்க, மெத்தனாலும் தண்ணியும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில ஊத்தணும். ஊத்த மறந்துட்டா? ஒரு தனி மூடி குறுக்கே வந்து பூஸ்ட்டைக் கட்டிப் போட்டுடும், இஞ்சின் தப்பிக்கும். அருமையான ஏற்பாடு. நிறைய பேர் ஊத்த மறந்தாங்க. வண்டி இழுக்கலைன்னு வந்து நின்னாங்க. கடைசியில 1965-ல கம்பெனியே, விருப்பப்பட்டவங்க வண்டியைக் கொண்டு வாங்க, டர்போவைக் கழட்டிட்டு சாதாரண கார்புரேட்டர் போட்டுத் தர்றோம்னு இறங்கி வந்துச்சு. பத்தாயிரத்துக்கும் குறைவா செஞ்ச கார் அது. அதுலயும் டர்போவோட மிஞ்சினது இப்போ அபூர்வம். காவல்காரன் கதவைச் சாத்தினான், பழி டர்போ மேல. அறுபது வருஷமா இதே கதைதான்.

"சார், நாங்க ஸ்கேன் போட்டுப் பார்த்துட்டோம்"னு ஒரு வாக்கியம் இருக்கு பாருங்க, அதைக் கேட்டாலே எனக்கு இப்போ பத்திக்கிட்டு வருது. ஸ்கேன் போட்டா வர்ற கோட், உடம்பு சூடா இருக்குன்னு சொல்ற தெர்மாமீட்டர் மாதிரி. டைபாய்டா மலேரியாவான்னு அது சொல்லாது. நீங்கதான் பார்க்கணும். அதுக்குத்தானே காசு வாங்குறீங்க?

ஆனா ஒண்ணு, இந்த வண்டிகள்ல அந்த கோட் பாதி வழியாவது காட்டும், ஒழுங்காப் படிச்சா. பி1557னா கேட்டதைவிட அதிகம். அப்போ பார்க்க வேண்டியது வேஸ்ட்கேட் ஏன் திறக்கலைங்கிறதை: டியூப், என்75, டப்பாவோட ரப்பர் சவ்வு, துருப்பிடிச்சு இறுகின கதவு. பி1556னா நேர் எதிர், கேட்டதைவிடக் குறைவு. அப்போ காத்து எங்கேயோ ஒழுகுது, இல்லை கதவு மூடவே மாட்டேங்குது. பி1297னா டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல அழுத்தம் விழுது. அதுல முதல்ல சந்தேகப்பட வேண்டியது, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் மிச்சக் காத்தைத் திருப்பி விடுற டைவர்ட்டர் வால்வை. அதுக்குள்ள இருக்கிற ரப்பர் சவ்வு வருஷம் ஆக ஆகக் கிழியும். இப்படி அதிகம், குறைவு, ஒழுகல்னு மூணும் மூணு திசையில கை காட்டுது. மூணுக்கும் ஒரே மருந்தா டர்போவை எழுதிக் கொடுத்தா அதுக்கு என்னங்க பேரு?

மூணு கடை ஏறி இறங்கின பிறகு ஒரு நண்பர் சொல்லி பாய்கிட்ட போனேன். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்து. வயசு அறுபதுக்கு மேல. கடைன்னு சொன்னா ரெண்டு கார் நிக்கிற இடம், அவ்வளவுதான். வண்டியைத் தொடறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் கேள்விதான்.

"எப்ப வருது தம்பி? காலையிலயா, மத்தியானமா?"

"மத்தியானம்தான் பாய்."

"வண்டியில எத்தினி பேரு? ஏசி போட்டிருந்தீங்களா? எந்த கியரு?"

நான் யோசிச்சு யோசிச்சு சொன்னேன். கடைசியா ஒண்ணு கேட்டார் பாருங்க.

"அணைச்சு ஸ்டார்ட் பண்ணா உடனே சரியாவுதா? இல்ல, ஆற வெச்சாத்தான் சரியாவுதா?"

உடனேன்னு சொன்னேன். "அப்ப டர்போ இல்ல"ன்னார். யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு சரி! சாவியைத் திருப்பினா டர்போவோட பேரிங் தேய்மானம் சரியாகுமா? உடைஞ்ச விசிறி ஒட்டிக்குமா? உடனே சரியாகுதுன்னா, யாரோ வேணும்னே பூஸ்ட்டை நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அந்த யாரோ ஈ.சி.யூ. இந்தக் கேள்வியை ஏசி ரூம்ல ஒருத்தரும் என்கிட்ட கேட்கலை. மூணு தடவை போயிருக்கேன். ஒருத்தர்கூட.

அப்புறம் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். பாயோட பையன் லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு பக்கத்து சீட்டுல (ஓட்டுறவங்க தயவுசெஞ்சு இதைத் தனியா பண்ணாதீங்க), பாய் பின்னாடி. வி.சி.டி.எஸ்.னு இந்த வகை வண்டிகளுக்கான சாஃப்ட்வேர். அதுல 115-ம் நம்பர் பகுதியைத் திறந்தா நாலு கட்டம் வரும். ரெண்டு கட்டம் போதும்: ஈ.சி.யூ. கேட்ட அழுத்தம், கிடைச்ச அழுத்தம். மில்லிபார்ல இருக்கும், வெளிக்காத்தோட அழுத்தத்தையும் சேர்த்து. சென்னையில அதுவே 1000 மில்லிபாரை ஒட்டி இருக்கும்ங்கிறதால 1500னு காட்டினா பூஸ்ட் அரை பார்.

முதல் ஓட்டத்துல ஒண்ணுமே வரலை. கேட்டதும் கிடைச்சதும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டியே போச்சு. வேற கடையா இருந்தா அத்தோட வண்டியைக் கொடுத்திருப்பாங்க. பாய், "சூடு பத்தல"ன்னார். ஏசியைப் போட்டு அரை மணி நேரம் டிராஃபிக்ல உருட்டினோம். திரும்பப் பூந்தமல்லி தாண்டி, காலி ரோடு பார்த்து, மூணாவது கியர்ல 2000-லிருந்து 4500 ஆர்.பி.எம். வரைக்கும் ஒரே மிதி. கேட்டது 1540. கிடைச்சது 1560, 1640, 1780, 1890... டொப்! கயிறு கட்டி இழுத்தாச்சு.

பின்னாடி பாய் சிரிக்கிறார். "டர்போ போச்சாமா? காளை மாடு மாதிரி இருக்கு தம்பி இது."

கடைக்கு வந்து என்75-ல இருந்து டப்பாவுக்குப் போற டியூபைக் கழட்டினார். எனக்குப் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு முனையை விரலால அடைச்சுக்கிட்டு, லேசா வளைச்சு, வாயால ஊதினார். புஸ்ஸுனு சத்தம். கிளிப் கடிக்கிற இடத்துக்குக் கீழே, நகத்தளவு நீளத்துக்கு நீட்டுவாக்குல ஒரு வெடிப்பு. ஆறியிருந்தா ரெண்டு உதடும் ஒட்டிக்கும். இஞ்சின் சூட்டுல ரப்பர் இளகி, உள்ளே அழுத்தமும் ஏறினா திறந்துக்கும். அதான் மழை நாள்ல வரலை, தனியா ஆபீஸ் போனா வரலை, அம்மாவையும் மூட்டையையும் ஏத்திக்கிட்டு மே மாச மத்தியானத்துல மிதிச்சா வந்துச்சு. பத்தொன்பது வருஷ ரப்பர். அதைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை, அது தன் கடமையைச் செஞ்சுட்டுத்தான் செத்திருக்கு.

துணிப் பின்னல் போட்ட புது டியூப், 90 ரூபாய். கூடவே அந்தப் பக்கம் இருந்த மத்த சின்ன டியூபும் கிளிப்பும், 400. பார்த்ததுக்கு 1500.

இங்கேதான் நான் அசிங்கப்பட்ட கதை. நான் கேட்டேன், "ஒரு டியூபுக்கு ஆயிரத்து ஐநூறா பாய்?"

அவர் கோபப்படலை. "டியூபுக்கு 90 ரூபாதான் தம்பி போட்டிருக்கேன்"னார்.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. தேவையே இல்லாத காயில், பிளக், சென்சாருக்கு 25 ஆயிரம், ஜி.எஸ்.டி.யோட, வாயைத் திறக்காம கார்டைத் தேய்ச்சுட்டு வந்தவன் நான். ஏன்? ஏன்னா பழைய சாமானை ஒரு அட்டைப் பெட்டியில போட்டுக் கையில கொடுத்தாங்க. காசுக்கு ஏதோ ஒரு பொருள் வந்த மாதிரி இருந்துச்சு. பாதி நாள் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, வெயில்ல கூட வந்து, சரியான இடத்துல விரலை வெச்ச மனுஷன்கிட்ட பேரம் பேசினேன். இரும்புக்குக் காசு தருவேன், மூளைக்குத் தர மாட்டேன். நான் மட்டும் இல்லை மக்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, நீங்களும்தான். "சும்மா பார்த்ததுக்கு எதுக்குங்க காசு?"ன்னு கேட்காத கார் ஓனர் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வாங்க, கால்ல விழுறேன்.

ஒர்க்ஷாப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. விட்டு விட்டு வர்ற கோளாறைத் தேட ஒருத்தர் நாலு மணி நேரம் உட்காரணும். அந்த நாலு மணி நேரத்துக்கு நாம தர மாட்டோம். கடை வாடகை, ஏசி, காப்பி மெஷின் எல்லாம் பார்ட்ஸ் லாபத்துல இருந்துதான் வந்தாகணும். அப்போ கோளாறைத் தேடுறவனுக்கு நஷ்டம், சாமான் மாத்துறவனுக்கு லாபம். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது நாமதான். ஆனா அதுக்காக, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லி ஒரு லட்சம் கேட்கிறது நியாயமாயிடாது. "நாலு மணி நேரம் ஆகும், ரெண்டாயிரம் ஆகும், கண்டுபிடிப்போம்னு உத்தரவாதம் இல்லை"ன்னு முகத்துக்கு நேரா சொல்லுங்களேன். எத்தனை பேர் ஒத்துக்கறாங்கன்னு பார்க்கலாம். கேட்கவே கேட்காம, இவங்க தர மாட்டாங்கன்னு நீங்களா முடிவு பண்ணினா எப்படி?

இப்போ கட்டாயம் ஒருத்தர் வருவார். "என் வண்டியில டர்போ மாத்தினதும் சரியாயிடுச்சே, நீ என்னமோ பேசுற"ன்னு. சரியாகும்ங்க. ஏன் ஆகாது? டர்போவைக் கழட்டணும்னா அதைச் சுத்தி இருக்கிற அத்தனை ஹோஸையும் கழட்டியாகணும். திரும்ப மாட்டும்போது புது கிளிப், தளர்ந்து போன டியூபுக்குப் பதில் புது டியூப். கோளாறு அங்கேதான் இருந்துச்சுன்னா அத்தோட போயிடும். பேர் மட்டும் புது டர்போவுக்கு. பழைய டர்போ நல்ல நிலைமையில எங்கே போச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஏமாத்து வேலை இத்தனை வருஷமா அம்பலமாகாம ஓடுறதுக்கே இதுதான் காரணம். பல மெக்கானிக்குகள் ஏமாத்தணும்னுகூட நினைக்கலை, நிஜமாவே டர்போதான் காரணம்னு நம்புறாங்க. அது இன்னும் மோசம்.

டர்போ சாகவே சாகாதுன்னு நான் சொல்லலை. சாகும். ஆனா அது சத்தம் போடாம சாகாது. சைலன்ஸர்ல நீலப் புகை வரும், ஆயில் குறையும், ஆம்புலன்ஸ் மாதிரி ஊளை கேட்கும், தண்டைப் பிடிச்சு ஆட்டினா ஆடும். அணைச்சுப் போட்டா சரியாகாது. அப்படி நிஜமாவே செத்தாலும் அது பெரும்பாலும் கொலைதான், இயற்கைச் சாவு இல்லை. டர்போவுக்கு ஆயில் கொண்டு போற சின்னக் குழாய் கரி பிடிச்சு அடைச்சிருக்கும். இல்லை, இஞ்சின் அடியில ஆயில் உறிஞ்சுற வலையில கசடு அடைச்சிருக்கும். அதைப் பார்க்காம புது டர்போ போட்டா அதுவும் சாகும். அப்போ அதே வாய், "டூப்ளிகேட் டர்போ சார், ஒரிஜினல் போட்டிருக்கணும்"னு சொல்லும். அவ்வ்வ்வ்...

ஏன் இவ்வளவு கத்துறேன்னா, என் வண்டி மாதிரி இருக்கிறது கொஞ்சம்தான். ஆனா இன்னைக்கு ஒரு லிட்டர் இஞ்சின் சின்னக் கார்லகூட டர்போ பெட்ரோல் வந்துடுச்சு. அதெல்லாம் இன்னும் எட்டு பத்து வருஷத்துல மூணாவது ஓனர் கைக்கு வரும். கடன் வாங்கி வாங்கின முதல் காரா இருக்கும். அதுல பலதுல வேஸ்ட்கேட்டை மின்மோட்டாரே திறக்குது, நான் சொன்ன டியூப் இருக்காது. ஆனா காத்துக் குழாய் இருக்கும், கிளிப் இருக்கும், சென்சார் இருக்கும், வெயில் இருக்கும். "டர்போ போச்சு சார்"ங்கிற வாக்கியமும் இருக்கும். அன்னைக்கு அந்த ஓனர் ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும்: "கேட்டது எவ்வளவு, கிடைச்சது எவ்வளவு? அந்த நம்பரைக் காட்டுங்க." காட்ட முடியாதவர்கிட்ட சாவியைக் கொடுக்காதீங்க. காட்டுறவர்கிட்ட பேரம் பேசாதீங்க.

அடுத்த வாரம் திரும்பப் பாய் கடைக்குப் போனேன். ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும்னு ஒரு சாக்கு. பில்லுக்கு மேல ஐநூறு வெச்சேன். எண்ணிப் பார்த்துட்டு, மேல இருந்ததைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

டிஸ்கி: 'குறைவு'ன்னு கோட் வந்தவங்களுக்கு ஒரு கைவைத்தியம். ஹார்டுவேர் கடையில டர்போவுக்குக் காத்து போற குழாய் அளவுக்கு ஒரு பி.வி.சி. எண்ட் கேப் வாங்கி, நடுவுல ஓட்டை போட்டு, பஞ்சர் கடையில ஒரு டியூப்லெஸ் வால்வு வாங்கி மாட்டுங்க. இஞ்சினை அணைச்சுட்டு, ஏர் ஃப்ளோ சென்சாருக்கு அடுத்த குழாயில அதைச் செருகி கிளிப் போட்டு, கம்ப்ரஸர்ல இருந்து மெதுவா அரை பார் காத்து விடுங்க. அதுக்கு மேல வேண்டாம். இஞ்சின் அடிவயித்துல இருந்து வர்ற மூச்சுக் குழாயை மடிச்சுக் கட்டிடுங்க, இல்லைன்னா காத்து அந்த வழியா போய் ஆயில் சீலைப் பதம் பார்க்கும். சோப்புத் தண்ணி தெளிச்சா ஒழுகுற இடத்துல நுரை வரும். எண்ட் கேப்புக்கு நேரா முகத்தை வெச்சுக்கிட்டு மட்டும் நிக்காதீங்க. நான் நின்னேன். கண்ணாடி போட்டிருந்ததால தப்பிச்சேன், கண்ணாடி தப்பிக்கலை.